பின்னேற்பு: பிறர் செயல் தன் செயலாகும் முறை



ஒருவர் செய்த காரியத்துக்கு அவரே பொறுப்பாளி என்பது உலக வழக்கு. சட்டத்தின் அடிப்படையும் அதுவே. ஆயினும், தாம் ஏவாமலே தம் பெயரால் பிறர் செய்து முடித்த காரியத்தை, அது நடந்தேறிய பின்னர், "இது என் காரியமே" என்று ஒருவர் ஏற்றுக்கொள்வதும் உண்டு. அங்ஙனம் ஏற்றுக்கொண்டவுடனே அந்தக் காரியத்தின் இலாபமும் நட்டமும், உரிமையும் கடமையும் ஏற்றவரைச் சென்றடைகின்றன. இந்த ஏற்பைச் சட்ட அறிஞர் பின்னேற்பு என வழங்குவர். சொல் புதிதாகத் தோன்றலாம், பொருள் புதிதன்று. குடும்பங்களிலும் கடைகளிலும் சங்கங்களிலும் நாள்தோறும் நிகழ்வதுதான். அது நிகழ்கின்றது என்பதை அறியாமலே பலர் அதற்குக் கட்டுப்பட்டு விடுகின்றனர். ஆதலினாலேயே அதன் இயல்பை அறிந்து வைத்திருத்தல் நலம்.

எளியதோர் உதாரணத்தைக் கொள்வோம். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் வணிகர் ஒருவர் சிகிச்சைக்காகச் சென்னைக்குச் சென்றிருக்கின்றார். அவருடைய மருமகன், கடையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவன், யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவரைச் சந்திக்கின்றான். "மாமாவின் கடைக்காக வாங்குகின்றேன்" என்று கூறி, 200 மூடை வெங்காயத்துக்கு விலை பேசி, எழுதிக் கையொப்பமும் இட்டுவிடுகின்றான். மாமாவோ அவனுக்கு அத்தகைய அதிகாரம் எதனையும் வழங்கவில்லை. இந்நிலையில் அவர் ஊர் திரும்புகின்றார். வெங்காயத்தை ஏற்கக் கடமைப்பட்டவர் யார்?

அவர் ஏற்கக் கடமைப்பட்டவரல்லர் என்பதே முதல் விடை. எவருடைய கழுத்திலும் அவரறியாமல் ஓர் ஒப்பந்தத்தைக் கட்டிவிட இயலாது. ஆனால் அவர் முன்னே இரண்டு வழிகள் உள்ளன. "எனக்குத் தெரியாது, யான் ஏற்கேன்" என்று விலகிவிடலாம். அல்லது, "பையன் செய்தது நன்றே, மூடைகளை அனுப்புக" என்று ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவது வழியைத் தெரிந்துகொண்டாராயின், அந்த வார்த்தை வெறும் பாராட்டு அன்று. பிழை பொறுத்த பெருந்தன்மையும் அன்று. மருமகன் கையொப்பம் இட்ட அந்த நாளிலேயே மாமா அவனுக்கு அதிகாரம் கொடுத்திருந்தால் என்ன விளைவு உண்டாகுமோ, அதே விளைவு இப்பொழுதும் உண்டாகின்றது. பின்னர் தரும் ஏற்பு முன்னர் தந்த ஆணையை ஒக்கும் என்பது உரோமச் சட்ட அறிஞர் வகுத்த நெறி. கி.பி. 533ஆம் ஆண்டில் ஜஸ்ரினியன் பேரரசன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் அந்தக் கருத்து இடம்பெற்றது. இன்றுவரை பல நாடுகளின் நீதிமன்றங்கள் அதனைப் பின்பற்றி வருகின்றன.

இத்துறையில் வழங்கும் மூன்று பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். எவருக்காகக் காரியம் நடைபெறுகின்றதோ அவர் முதல்வர். அவருக்காகச் செயலாற்றுபவர் முகவர். முகவரோடு ஒப்பந்தம் செய்துகொள்பவர் மூன்றாமவர். மேற்காட்டிய உதாரணத்தில் மாமா முதல்வர், மருமகன் முகவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன், கமக்காரர் மூன்றாமவர். பின்னேற்பைப் பற்றிய விதிகள் யாவும் இம்மூவருக்கும் நீதி வழங்குவதற்காக எழுந்தவையே.

இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் ஒல்லாந்தர் சட்டமாகும். எனினும் முதல்வர், முகவர் என்னும் துறையில் வழங்குவது இங்கிலாந்துச் சட்டம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பங்குடைமை, வங்கித் தொழில், முதல்வர் முகவர் உறவு முதலிய விடயங்களில் இங்கிலாந்தில் வழங்கும் சட்டமே இங்கும் வழங்க வேண்டுமென விதித்தது. இந்தியாவிலோ 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 196 முதல் 200 வரையுள்ள ஐந்து பிரிவுகள் பின்னேற்பைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எடுத்துரைக்கின்றன. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வணிகம் செய்வோருக்கு இவ்விரு நாட்டு விதிகளையும் அறிந்திருத்தல் பயன் தரும்.

பின்னேற்புக்கு வேண்டிய முதல் நிபந்தனை, காரியம் செய்தவர் பிறருக்காகச் செய்வதாக வெளிப்படையாகக் கூறியிருத்தல் வேண்டும் என்பது. மனத்துள்ளே எண்ணியிருந்தால் மட்டும் போதாது. இதனை நிலைநாட்டிய வழக்கு 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் தீர்க்கப்பட்டது. ரொபேட்ஸ் என்னும் தானிய வணிகருக்குக் கீலி மக்ஸ்ரெட் என்னும் வணிக நிறுவனம், இரு பகுதியாரின் கூட்டுக் கணக்கிலும் குறித்ததொரு விலைக்குள் கோதுமை வாங்கும் அதிகாரத்தை அளித்திருந்தது. அந்த விலைக்குக் கோதுமை கிடைக்கவில்லை. ரொபேட்ஸ் டூரன்ற் என்பவரிடம் கூடிய விலைக்கு வாங்கினார். யாருக்காக என்று கூறாமல் தம் பெயரிலேயே வாங்கினார். மறுநாள் அந்த நிறுவனத்தார் அதற்கு இசைந்தனர். பின்னர் இரு பகுதியாரும் கோதுமையைப் பொறுப்பேற்கத் தவறினர். டூரன்ற் அதனை நட்டத்துக்கு விற்று, நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அவர் வெற்றி பெறவில்லை. ரொபேட்ஸ் பிறருக்காக வாங்குவதாக அன்று கூறாமையினால், மறுநாள் தந்த இசைவு பின்னேற்பு ஆகாது என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. ஒருவர் மனத்தில் ஒளித்து வைத்த எண்ணத்தைக் கொண்டு ஒப்பந்தங்களை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது நிபந்தனை, காரியம் நடந்த காலத்தில் முதல்வர் இருந்திருத்தல் வேண்டும் என்பது. இது கூறவும் வேண்டுமோ என்று சிலர் கேட்கலாம். மனிதரைப் பொறுத்தவரை கூற வேண்டியதில்லை. கம்பனிகளைப் பொறுத்தவரை கூறத்தான் வேண்டும். 1866ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கிரேவ்சென்ட் என்னும் ஊரில் ஹோட்டல் கம்பனி ஒன்றைத் தொடங்கச் சிலர் முயன்றனர். கம்பனி பதிவு செய்யப்படுமுன்பே, அதன் சார்பில் கையொப்பமிட்டு, கெல்னர் என்னும் வணிகரிடம் 900 பவுண் பெறுமதியான மது வகைகளை வாங்கினர். கம்பனி பின்னர் பதிவாயிற்று. அந்தக் கொள்வனவை ஏற்பதாகவும் தெரிவித்தது. மது முழுவதும் செலவாயிற்று. பணம் செலுத்துமுன்பே கம்பனி முறிந்தது. கையொப்பமிட்டவர்கள், "கடன் கம்பனிக்குரியது, எமக்கன்று" என வாதித்தனர். நீதிமன்றம் அதனை ஒப்பவில்லை. ஒப்பந்தம் நிகழ்ந்த நாளில் பிறந்திராத கம்பனி அதனைப் பின்னேற்றல் இயலாது. ஆதலின் கையொப்பமிட்டவர்களே கடனாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

இந்த விதியின் நியாயம் தெளிவானது. ஆனால் வணிக உலகில் அது பெரிய இடரையும் விளைத்தது. கம்பனி தொடங்குபவர் கட்டடம் பார்க்க வேண்டும். யந்திரம் வாங்க வேண்டும். ஆட்களை நியமிக்க வேண்டும். இவையெல்லாம் பதிவுக்கு முன்பே நிகழ்பவை. இவ்விடரை நீக்குதற்காகவே, பிற்காலத்தில் பல நாடுகள் சட்டமியற்றி, பதிவுக்கு முந்திய ஒப்பந்தங்களைக் கம்பனி பின்னேற்க வழிசெய்தன. இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டமும் அத்தகைய வழியை அளித்துள்ளது. பழைய விதி ஏன் எழுந்தது என்பதை அறிந்தவர்களுக்கே புதிய ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

மூன்றாவது நிபந்தனை அறிவு. ஏற்பவர் தாம் எதனை ஏற்கின்றார் என்பதை அறிந்து ஏற்றல் வேண்டும். மருமகன் 200 மூடை வாங்கியதை மாமாவிடம் 20 மூடை என்று கூறி, அவர் "சரி" என்றாராயின், அந்தச் "சரி" சட்டத்தின் முன் செல்லாது. முக்கியமான விவரங்களில் குறைபாடான அறிவோடு தந்த ஏற்பு ஏற்பாகாதென இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 198ஆம் பிரிவு கூறுகின்றது. விவரம் எதுவாயினும் ஏற்கின்றேன் என்று ஒருவர் துணிந்து கூறினாராயின் அது வேறு; அத்துணிவின் பலனை அவரே அனுபவித்தல் வேண்டும்.

நான்காவது நிபந்தனை முழுமை. ஒரு கொடுக்கல் வாங்கலில் இனிய பகுதியை எடுத்துக்கொண்டு கசப்பான பகுதியைத் தள்ளிவிட முடியாது. மருமகன் நல்ல விலைக்கு வெங்காயம் வாங்கினான். ஆனால் 14 நாளில் பணம் தருவதாகவும் ஒப்புக்கொண்டான். மாமா அந்த விலையை ஏற்பாராயின் அந்தத் தவணையையும் ஏற்றவரேயாவர். பலாப்பழம் வேண்டுபவர் பாலையும் முள்ளையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒரு பகுதியை ஏற்றவர் அக்கொடுக்கல் வாங்கல் முழுவதையும் ஏற்றவராவர் என்பது 199ஆம் பிரிவின் கருத்து.

இனி, பின்னேற்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நோக்குவோம். பலரும் ஏமாறும் இடம் இதுவே. வாயினாலோ எழுத்தினாலோ "ஏற்கின்றேன்" என்று கூறினால் ஏற்பு உண்டாகும் என்பதை எவரும் அறிவர். நடத்தையினாலும் அது உண்டாகும் என்பதைப் பலர் அறியார். இந்தியச் சட்டத்தின் 197ஆம் பிரிவு இரண்டு உதாரணங்களைத் தருகின்றது. ஒருவர் அதிகாரமின்றி மற்றொருவருக்காகப் பொருள் வாங்குகின்றார்; அந்த மற்றவர் அப்பொருளைத் தம் கணக்கில் வேறொருவருக்கு விற்றுவிடுகின்றார். ஒருவர் அதிகாரமின்றி மற்றொருவரின் பணத்தைக் கடனாகக் கொடுத்துவிடுகின்றார். பணத்துக்குரியவர் கடன்பட்டவரிடமிருந்து வட்டியைப் பெற்றுக்கொள்கின்றார். இரண்டிலும் "ஏற்கின்றேன்" என்ற சொல் பிறக்கவில்லை. ஆயினும் ஏற்பு நிகழ்ந்துவிட்டது. கை ஏற்றபின் வாய் மறுத்தால் அது எடுபடாது.

இதற்கு நேர்மாறான நடத்தைக்குத் தமிழர் நன்கறிந்த சான்று இராமகாதையில் உள்ளது. பரதன் கேகய நாட்டில் இருந்த வேளையில், அவன் அறியாமல், அவன் பெயரால் கைகேயி வரம் கேட்டாள். அரசு அவனுக்கு என்றும், காடு இராமனுக்கு என்றும் முடிவாயிற்று. ஊர் திரும்பிய பரதன் நடந்தவற்றை வினவி அறிந்தான். அறிந்தவுடன் மறுத்தான். தாயின் முன்னும் அவையின் முன்னும் மறுத்ததோடு அமையாது, காட்டுக்குச் சென்று இராமனிடமே தன் மறுப்பைத் தெரிவித்தான். அதன்பின் நாட்டைக் காக்க வேண்டிய கடமை அவன்மேல் விழுந்தது. அரசலுவல்களை அவன் நடத்தினான் என்றால், கைகேயி பெற்ற வரத்தை நடத்தையினால் ஏற்றுக்கொண்டான் என்று உலகம் கூறியிருக்கலாமன்றோ? அக்கூற்றுக்கு இடமில்லாதபடி இராமனின் பாதுகையைப் பீடத்தில் வைத்து, தான் அயோத்தியிற் புகாது நந்தியம்பதியில் இருந்து, 14 ஆண்டுகளும் இராமனின் பிரதிநிதியாகவே ஆட்சி செய்தான். காவியம் இதனை அறமாகக் காட்டுகின்றது. சட்டக் கண்கொண்டு நோக்குபவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அறிந்தவுடன் மறுத்தான், உரியவரிடம் மறுத்தான், மறுத்த சொல்லுக்கு மாறாக நடவாதிருந்தான். மறுப்பு இம்மூன்றும் உடையதாயின் எந்த நீதிமன்றமும் அதனை ஏற்பு எனக் கொள்ளாது.

மௌனம் சம்மதம் என்று உலகோர் கூறுவர். சட்டம் அவ்வளவு விரைவாக அம்முடிவுக்கு வருவதில்லை. வெறும் மௌனம் தனியே ஏற்பாகாது. ஆனால் நடந்ததை முழுவதும் அறிந்தும், மூன்றாமவர் தம்மை நம்பிப் பணமும் உழைப்பும் செலவிடுகின்றார் என்பதைக் கண்டும், நெடுங்காலம் வாளாவிருப்பவரின் மௌனம் பேசத் தொடங்கிவிடுகின்றது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் ஒருவருக்கு ஊரில் ஒரு வீடு உண்டு எனக் கொள்வோம். உறவினர் ஒருவர் உத்தரவின்றி அதனை மாத வாடகைக்கு விடுகின்றார். வாடகைப் பணம் மாதந்தோறும் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வருகின்றது. பணம் எங்கிருந்து வருகின்றது என்பதை அவர் அறிவார். ஓராண்டுக்குப் பின், "இந்தக் குடியிருப்பாளரை யான் அறியேன், இவர் அத்துமீறிப் புகுந்தவர்" என்று அவர் கூறப் புகுந்தால், பெற்ற வாடகையே அவருக்கு எதிரான சாட்சியாக எழுந்து நிற்கும்.

அடுத்து, பின்னேற்பின் விளைவு எத்தகையது என்பதை ஆராய்வோம். ஏற்பு இன்று தரப்பட்டாலும் அதன் பலன் காரியம் நடந்த நாளுக்கே பின்னோக்கிச் செல்கின்றது. இவ்விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டுவது 1889ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த போல்ற்றன் பங்காளிகளுக்கும் லம்பேட்டுக்கும் இடையிலான வழக்கு. லம்பேட் ஒரு கம்பனியின் ஆதனத்தைப் பெறுவதற்காக விண்ணப்பித்தார். கம்பனியின் சார்பில் ஒருவர், அதிகாரமில்லாமலே, அதற்கு இசைந்தார். பின்னர் லம்பேட் தம் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டார். அதற்கும் பின்னரே கம்பனி, தன் பெயரால் தரப்பட்ட இசைவைப் பின்னேற்றது. லம்பேட் கட்டுப்பட்டவரே என்று நீதிமன்றம் தீர்த்தது. ஏற்பு, முதல் இசைவு தரப்பட்ட நாளுக்குச் செல்கின்றமையால், இடையில் நிகழ்ந்த மீட்பு பயனற்றதாயிற்று.

இத்தீர்ப்பு நியாயமானதா என்ற வினா அன்றிலிருந்து இன்றுவரை எழுப்பப்படுகின்றது. முதல்வர் ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். மூன்றாமவரோ கட்டுண்டு காத்திருக்க வேண்டும். வெங்காய விலை ஏறினால் மாமா ஏற்பார், இறங்கினால் மறுப்பார். கமக்காரரின் கையில் எந்தத் தெரிவும் இல்லை. 1900ஆம் ஆண்டில் பிரிவுக் கவுன்சில் வேறொரு வழக்கைத் தீர்த்தபோது, இத்தீர்ப்பில் இடர்கள் உள்ளன என்பதைச் சுட்டி, அதனை மீண்டும் ஆராயும் உரிமை தமக்கு உண்டு எனக் கூறி வைத்தது. அமெரிக்க நாட்டுச் சட்டம், ஏற்புக்கு முன் மூன்றாமவர் விலகிவிட்டால் அதன்பின் ஏற்பதற்கு எதுவும் இல்லை என்ற வேறு நெறியைக் கைக்கொண்டது. இங்கிலாந்திலும், முகவர் "என் தலைவர் ஏற்பாராயின்" என்ற நிபந்தனையோடு இசைந்திருந்தால், ஏற்பு வரும்வரை மூன்றாமவர் விலகலாம். கமக்காரரைப் போன்றவர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய செய்தி இது.

பின்னோக்கிச் செல்லும் ஆற்றலுக்குச் சட்டம் ஒரு வேலியையும் இட்டிருக்கின்றது. பின்னேற்பினால் மூன்றாமவரின் உரிமைக்குக் கேடு விளைதல் ஆகாது. 3 மாத முன்னறிவித்தல் கொடுத்து முடிக்கத்தக்க குத்தகை ஒன்று இருக்கின்றது. அதிகாரமில்லாத ஒருவர் காணிக்காரரின் பெயரால் குத்தகைக்காரருக்கு அறிவித்தல் கொடுக்கின்றார். அந்த அறிவித்தல் செல்லாது எனக் கருதிக் குத்தகைக்காரர் அமைதியாய் இருக்கின்றார். தவணை கழிந்தபின் காணிக்காரர் அதனைப் பின்னேற்று அவரை வெளியேற்ற முயலலாமோ? ஆகாது என்கின்றது 200ஆம் பிரிவு. குறித்த காலத்துக்குள் செய்ய வேண்டிய காரியத்தை, அக்காலம் கழிந்து பிறர் உரிமை நிலைபெற்றபின், ஏற்பினால் உயிர்ப்பிக்க முடியாது என்பது இங்கிலாந்துச் சட்டமும் ஒப்பிய நெறி.

எத்தகைய செயலும் பின்னேற்கத் தக்கதன்று. தொடக்கத்திலேயே செல்லாததாய்ப் பிறந்த செயலை எவருடைய ஏற்பும் செல்லத்தக்கதாக்காது. 1871ஆம் ஆண்டில் தீர்ந்த புறூக், ஹூக் வழக்கு இதற்குச் சான்று. ஜோன்ஸ் என்பவர் தம் உறவினராகிய ஹூக்கின் கையொப்பத்தைப் போலியாக இட்டு, 20 பவுணுக்கு ஒரு வாக்குறுதிப் பத்திரத்தைப் புறூக்கிடம் கொடுத்தார். போலி வெளிப்பட்டது. புறூக் குற்ற வழக்குத் தொடுப்பதாகக் கூறவே, ஹூக் உறவினரைக் காப்பாற்ற எண்ணி, அப்பத்திரத்துக்குத் தாம் பொறுப்பு என எழுதிக் கொடுத்தார். அதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தீர்த்தது. போலிக் கையொப்பம் இடுபவர் மற்றவருக்காகச் செயலாற்றுபவரல்லர். தாமே மற்றவர் என்று நடிப்பவர். முகவர் செயலை ஏற்கலாம். போலியை ஏற்பதற்கு அங்கே ஏற்கத்தக்க செயல் எதுவும் இல்லை. இரக்கம் வேறு, சட்டத்தின் ஏற்பு வேறு என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

முதல்வர் ஏற்க மறுத்தால் மூன்றாமவரின் கதி யாது? அவர் கைவிடப்பட்டவரல்லர். 1857ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட கொலன், றைற் வழக்கில், காணி முகவராகிய றைற், உரிமையாளர் சார்பில் ஒரு பண்ணையைப் பன்னிரண்டரை ஆண்டுக் குத்தகைக்குக் கொடுப்பதாகக் கொலனோடு உடன்படிக்கை செய்தார். தமக்கு அதிகாரம் உண்டென அவர் உண்மையாகவே நம்பினார். உரிமையாளரோ அதிகாரம் அளிக்கவில்லை என மறுத்தார். கொலன் அடைந்த நட்டத்துக்கு, இறந்துபோன றைற்றின் மரணசாதன நிறைவேற்றாளர்களே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. "எனக்கு அதிகாரம் உண்டு" என்று கூறுபவர் அந்தச் சொல்லுக்குப் பிணை நிற்கின்றார். நல்லெண்ணம் அவரைக் காப்பாற்றாது. உறவினருக்கு உதவி செய்யும் ஆர்வத்தில் முந்திக்கொண்டு கையொப்பமிடும் மருமகன்மார் யாவரும் அறிய வேண்டிய செய்தி இதுவாகும்.

நாடுகளுக்கிடையே நிகழும் உடன்படிக்கைகளைப் பற்றிய செய்திகளில் ஏற்புறுதி என்றொரு சொல் அடிக்கடி கேட்கப்படுகின்றது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் மயக்கம் உண்டாகலாம். இரண்டும் வேறு வேறு. வணிகத்திற் பின்னேற்பு, அதிகாரமின்றி நடந்த செயலுக்கு அதிகாரம் தருகின்றது. உடன்படிக்கையில் கையொப்பமிடும் தூதரோ பெரும்பாலும் உரிய அதிகாரத்தோடுதான் கையொப்பமிடுகின்றார். ஆயினும் நாடு அதனை ஆராய்ந்து உறுதி செய்யும்வரை அது கட்டுப்படுத்தாது எனத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்கின்றனர். ஆதலின் ஏற்புறுதி இரண்டாவது இசைவாகும்; பொதுவாக அது பின்னோக்கிச் செல்வதுமில்லை.

1919ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அமெரிக்கச் சனாதிபதி வில்சன் அதனை உருவாக்குவதில் முன்னின்றவர். ஆயினும் அமெரிக்கச் செனற் சபை 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் அதற்கு இசைவளிக்க மறுத்தது. அதனால் அமெரிக்கா அந்த உடன்படிக்கைக்குக் கட்டுப்படவில்லை. அதன் வழி அமைந்த சர்வதேச சங்கத்திலும் சேரவில்லை. 1969ஆம் ஆண்டில் வியன்னாவில் நிறைவேறி 1980இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைச் சட்டம் பற்றிய சமவாயம் இதில் ஓர் ஒழுங்கையும் விதித்தது. ஏற்புறுதிக்கு உட்பட்டதாகக் கையொப்பமிட்ட நாடு, தான் அதில் சேரப்போவதில்லை எனத் தெளிவாக்கும்வரை, உடன்படிக்கையின் நோக்கத்தைக் குலைக்கும் செயலைச் செய்தல் ஆகாது. முழுக் கட்டுப்பாடு இல்லாத இடைக்காலத்திலும் நேர்மை வேண்டும் என்பது இதன் கருத்து.

இனி, இச்செய்திகளால் சாதாரண மக்கள் அடையத்தக்க பயனைத் தொகுத்துக் கூறலாம். தம் பெயரால் பிறர் செய்த காரியத்தை அறிந்தவர், முதலில் விவரம் முழுவதையும் கேட்டறிதல் வேண்டும். ஏற்பதாயின் முழுவதையும் ஏற்க வேண்டும். அதனை எழுத்தில் தெரிவிப்பது பின்னர் எழக்கூடிய பிணக்கைத் தடுக்கும். மறுப்பதாயின் காலந் தாழ்த்தாது மறுக்க வேண்டும். மருமகனைக் கடிந்துகொள்வது மறுப்பாகாது. கமக்காரருக்கு அறிவிப்பதே மறுப்பு. மறுத்தபின் அந்தக் காரியத்தால் வரும் ஒரு சதத்தையும் தொடுதல் ஆகாது. வந்த பொருளை விற்றலும் வந்த வாடகையை வைத்துக்கொள்ளுதலும் மறுப்பை அழித்துவிடும்.

மூன்றாமவராக நிற்பவர், "அவருக்காக வந்தேன்" என்பவரிடம் அதிகாரத்தைக் காட்டும்படி கேட்கத் தயங்குதல் கூடாது. அது அவமதிப்பு அன்று, வழக்கமான எச்சரிக்கை. காணி நிலத்தைப் பொறுத்தவரை இன்னும் அதிக கவனம் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனையை நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதி நிறைவேற்ற வேண்டுமென விதிக்கின்றது. அத்தகைய காரியங்களை, "பிறகு அவர் சம்மதிப்பார்" என்ற நம்பிக்கையில் தொடங்குதல் ஆபத்தானது. கடல்கடந்து வாழ்பவர் முறையான அற்றோணித் தத்துவத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, அதில் எவை செய்யலாம், எவை செய்யலாகாது என்பதை வரையறுத்துவிடுவாராயின், பின்னேற்பை எதிர்நோக்க வேண்டிய அவசியமே இராது. ஐயம் எழுமிடத்துச் சட்டத்தரணி ஒருவரை நாடுதல் சிக்கனமாகும். வழக்கு எழுந்தபின் நாடுவதே செலவு.

பிறருக்காகக் கையொப்பமிட முந்துபவருக்கும் ஒரு சொல். அன்பினால் செய்தேன் என்பது குடும்பத்தில் நல்ல விடை. நீதிமன்றத்தில் அது விடையாகாது. ஒரு கடிதமோ, ஒரு தொலைபேசி அழைப்போ முன்னரே அனுமதியைப் பெற்றுத் தந்துவிடும்.

ஒருவர் விரும்பாத காரியத்தை அவர் தலையில் சுமத்தாதிருப்பது சட்டத்தின் ஒரு கண். விரும்பி ஏற்ற காரியத்தின் சுமையை அவர் இறக்கி வைத்துவிட்டு ஓட விடாதிருப்பது அதன் மற்றொரு கண். ஏற்பதா, மறுப்பதா என்னும் உரிமை உள்ள வேளையிலே அதனை அறிந்து பயன்படுத்துவோர் பிறரையும் ஏமாற்றார், தாமும் ஏமாறார்.